பாட்டனி விரிகுடாவில் பென்சில் யார் கையில் இருந்தது?

இழையைத் தொடங்கிய வாசகர், 4 ஜூலை 2025

கேமரா இல்லாத காலத்தில் ஐரோப்பியக் கப்பல்களோடு போன ஓவியர்கள்தான் நமக்குக் கண்கள். கண்டதை அங்கேயே வரைந்தார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரைப் பற்றி எழுத்தில் எவ்வளவு பொய் கலந்திருந்தாலும் படத்தில் கலந்திருக்க வழியில்லை. 1770இல் சிட்னிப் பக்கத்துப் பாட்டனி விரிகுடாவில் கேப்டன் குக்கை எதிர்த்து நின்ற இருவரின் படத்தை இணைத்திருக்கிறேன். இதைவிட நேர்மையான சாட்சி உண்டா? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

4 ஜூலை, இரவு 9.50

மறுக்கிறேன். நீங்கள் இணைத்திருக்கும் படம் பாட்டனி விரிகுடாவில் வரையப்பட்டதே அல்ல. லண்டனில் தாமஸ் சேம்பர்ஸ் என்பவர் செப்புத் தகட்டில் செதுக்கியது, அச்சானது 1773இல். அவர் குக்கின் என்டெவர் கப்பலில் போனவர் அல்லர். மூல ஸ்கெட்சைப் போட்ட சிட்னி பார்க்கின்சன் 1771 ஜனவரியிலேயே, கப்பல் பட்டேவியாவை (இன்றைய ஜகார்த்தா) விட்டுக் கிளம்பிய ஒரு மாதத்தில், கடலில் இறந்துவிட்டார். அவருடைய சகோதரர் ஸ்டான்ஃபீல்ட் அந்தக் குறிப்பேட்டை நூலாக்கியபோது படத்துக்கு ஆள் தேவைப்பட்டது, சேம்பர்ஸ் வந்தார். கண்ட கை ஒன்று, செதுக்கிய கை வேறொன்று.

5 ஜூலை, காலை 6.30

“எங்கே செதுக்கினால் என்ன, ஸ்கெட்சைப் பார்த்துத்தானே செதுக்கியிருப்பார்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கான விடையை எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டியதில்லை, என் கையிலேயே இருக்கிறது.

ஓவியக் கல்லூரியில் எங்களுக்கு முதல் வருடம் முழுவதும் பிளாஸ்டரில் வார்த்த கிரேக்கச் சிலைகள்தான். ஒரு கையில் கரிக்கோல், மறுகையில் அழிப்பதற்கு ரொட்டித் துண்டு. பசி வந்தால் ரொட்டி குறையும், படத்தில் கறுப்பு கூடும். அந்த வருட முடிவில் மார்க்கெட்டுக்கு அனுப்பி மூட்டை தூக்குபவரை வரையச் சொன்னார்கள். எதிரே நின்றவர் ஒடிசலான மனிதர். தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது, குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. என் தாளில் வந்தவருக்கோ கெண்டைக்கால் உருண்டு திரண்டிருந்தது. உடல் எடையை ஒரு காலில் வைத்து இடுப்பை ஒயிலாக ஒடித்து நின்றார். வாத்தியார் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இவருக்கு ஏதென்ஸில் எந்தத் தெரு?” என்றார்.

கண் பார்க்கிறது, கை பழகியதைப் போடுகிறது. நான் பொய் சொல்ல உட்காரவில்லை. சேம்பர்ஸும் அப்படித்தான். அவர் காலத்து ஐரோப்பியக் கலைப் பயிற்சி முழுக்கக் கிரேக்க, ரோமச் சிலைகளின் மேல் நின்றது. அந்தப் படத்தை எடுத்து போர்கீஸ் வீரன் என்ற பழைய சிலையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீட்டிய கால், முன்னே பாயும் உடல், வைத்தியர் பாடம் எடுக்கலாம் போன்ற தசைகள். கலை வரலாற்றாளர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். உடம்பில் வெள்ளைச் சாயக் கோடுகள் இருக்கின்றன, கேடயமும் ஈட்டியும் இருக்கின்றன. அவை ஸ்கெட்சிலிருந்து வந்திருக்கலாம். நிற்கும் விதம் ரோமிலிருந்து வந்தது.

5 ஜூலை, மதியம்

இன்னொன்று விட்டுப்போயிற்று. பார்க்கின்சன் மனிதர்களை வரைய அழைத்துச் செல்லப்பட்டவர் அல்லர். அவர், கப்பலில் வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் சம்பளம் கொடுத்து வைத்திருந்த தாவர ஓவியர். நிலக்காட்சிக்கும் ஆட்களுக்கும் அலெக்சாண்டர் பக்கன் என்று தனியாக ஒருவர் இருந்தார். 1769 ஏப்ரலில், பசிபிக் தீவான தாஹித்தியை அடைந்த சில நாட்களிலேயே, அவர் இறந்துபோனார். அதன்பின் எல்லாம் பார்க்கின்சன் தலையில். பாட்டனி விரிகுடாவில் பறித்த செடிகளைப் பார்த்துப் பதினான்கு நாட்களில் அவர் 94 ஸ்கெட்ச்கள் போட்டார் என்று பேங்க்ஸ் தன் நாட்குறிப்பில் பெருமையாக எழுதியிருக்கிறார். செடி பறித்தால் வாடும், வாடுவதற்குள் வரைய வேண்டும். ஆட்களுக்கு அந்த அவசரம் இல்லையென்று நினைத்தார்களோ என்னவோ, அவர்கள் பங்குக்குக் கிடைத்தவை சில விரைவுக் கோடுகள்.

இலையின் நரம்பு வரை துல்லியம், முகத்துக்கு நேரமில்லை. நீங்கள் சொல்லும் “கண்கள்” எதைப் பார்க்கக் கூலி வாங்கின என்பதையும் கணக்கில் சேருங்கள்.

7 ஜூலை, இரவு

“அப்படியானால் அந்த விரிகுடாவில் நம்பத்தக்க படம் ஒன்றுகூட இல்லையா?” என்று சலித்துக்கொண்டவருக்கு: இருக்கிறது. வரைந்தவர் ஐரோப்பியர் இல்லை, அவ்வளவுதான்.

துபையா. ராயாத்தேயாத் தீவின் பூசகர், கடலோடி. 1769 ஜூலையில் தாஹித்தியில் கப்பலேறினார். நியூசிலாந்தில் மாவோரிகள் பேச்சு அவருக்குப் புரிந்தது, குக்கின் காரியங்கள் பாதி அவரால்தான் நடந்தன. பாட்டனி விரிகுடாவில் ஒன்றும் புரியவில்லை. பேச்சு எடுபடாத இடத்தில் அவர் பார்த்ததை வரைந்தார். பென்சிலும் நீர்வண்ணமும் கொண்ட அந்தத் தாள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டு மரப்பட்டைத் தோணிகள், மூன்று பேர், மீன்பிடி.

தோணியின் முனையைப் பாருங்கள். ஒரே பட்டையை மடித்து, முனையைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டு தெரிகிறது. துடுப்பு சிறியது, கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தள்ளுவது. ஈட்டிக்கு ஒரு கூர் இல்லை, பல முள். எறிந்து கொல்லும் ஈட்டியும் மீன் குத்தும் ஈட்டியும் வேறு என்பது கடலில் வாழ்ந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உடல்களோ விறைப்பானவை, நம்மூர் முதல் வகுப்புப் பையன் போட்டது போலத் தட்டையாக இருக்கும். எங்கள் வாத்தியார் பார்த்திருந்தால் மதிப்பெண் போடமாட்டார். ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் தோணி கட்டிவிடலாம். சேம்பர்ஸ் படத்தை வைத்துக்கொண்டு இன்னொரு சிலைதான் வடிக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் படங்களை வரைந்தவர் யார் என்று தெரியாமல் வெகுகாலம் ஏதோ ஓர் ஐரோப்பியர் கணக்கில் வைத்திருந்தார்கள். 1812இல் பேங்க்ஸ் எழுதிய ஒரு கடிதத்தில், மாவோரி ஒருவருக்குத் துணி கொடுத்துச் சிங்கி இறால் வாங்கும் படம் துபையா போட்டது என்று குறிப்பு இருந்தது. ஹரால்டு கார்ட்டர் என்ற ஆய்வாளர் 1997இல் அதைக் கவனித்து எடுத்துச் சொன்ன பிறகுதான் மொத்தத் தொகுப்பும் உரியவர் பெயருக்கு வந்தது. துபையா இதையெல்லாம் அறியமாட்டார். 1770 முடிவதற்குள் பட்டேவியாவின் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

8 ஜூலை, காலை

துபையாவின் படத்தில் இருப்பவர்கள் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை, வேலையைப் பார்க்கிறார்கள். பேங்க்ஸ் நாட்குறிப்பும் இதையே சொல்கிறது. கப்பல் உள்ளே நுழைந்தபோது தோணிகளில் இருந்தவர்கள் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. வயதான ஒரு பெண், சின்னப் பிள்ளைகளோடு காட்டிலிருந்து விறகு சுமந்து வந்தார், தீ மூட்டினார், தோணிகள் கரைக்கு வந்தன, மீன் சுட்டுச் சாப்பிடத் தயாரானார்கள். அத்தனை பெரிய கப்பல் கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்டிருக்க, சமையல் நிற்கவில்லை. குக் படகில் கரையை நெருங்கிய பிறகுதான் இரண்டு ஆண்கள் மட்டும் ஈட்டியோடு இறங்கி வந்தார்கள்.

8 ஜூலை, மாலை

கேடயத்தைப் பற்றி எழுதிய திருச்சி நண்பருக்கு. “குக்கின் குண்டு துளைத்த கேடயம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஓட்டை சாட்சி சொல்கிறது” என்கிறீர்கள். வெகுகாலம் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். 2018இல் வெளியான ஆய்வுகள் இதைக் கலைத்துவிட்டன. மரம் சிவப்புக் கண்டல். அது சிட்னிப் பக்கம் வளர்வதில்லை, வடக்கே வெகுதூரம் போக வேண்டும். ஓட்டையும் துப்பாக்கியால் வந்ததாகத் தெரியவில்லை. பண்டமாற்றில் தெற்கே வந்த கேடயமாக இருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் 1770ஆம் ஆண்டுக் கேடயம் அதுதான் என்று உறுதி சொல்ல ஆதாரம் போதாது.

குக் சுட்டதற்கு அந்த ஓட்டை தேவையே இல்லை, சுட்டவரே எழுதிவைத்திருக்கிறார். 1770 ஏப்ரல் 29. முதலில் இருவருக்கும் நடுவே ஒரு வெடி. அவர்கள் கல்லெறிந்ததும் சிறு ரவை போட்டு இரண்டாவது. ஒருவர் காலில் பட்டது. அவர் குடிசைக்கு ஓடிப்போய்க் கேடயம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். கரையேறிய பின் மூன்றாவது. குடிசைகளில் குழந்தைகள் இருந்தார்கள். அங்கே பாசிமணியைப் போட்டுவிட்டு, அகப்பட்ட ஈட்டிகளை நாற்பது ஐம்பது என்று வாரிக்கொண்டு போனார்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது மணிகள் வைத்த இடத்திலேயே கிடந்தன.

அந்த ஈட்டிகளில் நான்கு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்கு 1771இல் போயின. 2024 ஏப்ரலில், சிட்னியின் லா பெரூஸ் பகுதியில் வாழும் அந்த மக்களின் வழித்தோன்றல்களிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டன. கேடயத்தின் கதை சந்தேகத்துக்கு உரியது. ஈட்டிகளின் கதையில் சந்தேகமே இல்லை. இணையத்தில் கேடயம்தான் சுற்றுகிறது.

9 ஜூலை

வளரி வந்துவிட்டது. வராமல் இருக்குமா? சிவகங்கை வளரியும் பூமராங்கும் ஒரே வடிவம், ஆகவே அவர்கள் தமிழர்கள் என்று ஒருவர் மூன்று பத்தி எழுதியிருக்கிறார். துட்டன்காமூன் கல்லறையிலும் வளைந்த எறிதடிகள் கிடைத்தன. அவரும் மருது சகோதரர்களுக்குப் பங்காளியா? முயலை அடிக்கக் கட்டை எறிந்த எவனும் ஒரு நாள் வளைந்த கட்டையை எடுத்திருப்பான்.

ஆனால் இந்த உறவுக்கதை எங்கிருந்து வந்தது என்பது இந்த இழைக்குப் பொருத்தம்தான். 1870இல் தாமஸ் ஹக்ஸ்லி மனித இனங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்தபோது ஆஸ்திரேலியர்களையும் தக்காண மக்களையும் ஒரே பெட்டியில் போட்டார். தோலையும் முடியையும் மண்டையையும் பார்த்துப் போட்ட பெட்டி. பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு நம் மூக்கை அளந்ததும் அந்த வழிவந்த வேலைதான். நம்மை அளந்தவர்கள் ஒட்டிய சீட்டை நாமே எடுத்துப் பெருமையாக நெற்றியில் ஒட்டிக்கொள்கிறோம். இதற்கு மேல் வளரி பேசுபவர்கள் தனி இழை திறக்கவும்.

12 ஜூலை, இரவு 11

“கண்ணால் கண்டவரே வரைந்தால் ஒப்புக்கொள்வீர்களா?” என்று மீண்டும் முதல் நண்பர். சரி, கண்டவர் மட்டுமல்ல, செய்தவரே வரைந்த படம் ஒன்று இருக்கிறது.

1789 நவம்பர் 25, சிட்னியில் மேன்லி கடற்கரை. அங்கிருந்த பிரிட்டிஷ் குடியேற்றத்தின் கவர்னர் பிலிப்புக்கு உள்ளூர் ஆள் ஒருவர் பிடித்துவரப்பட வேண்டும், மொழி கற்கவும் பேச்சு நடத்தவும். முன்பு பிடித்துவந்த அரபானு அந்த வருடம் மே மாதம் பெரியம்மையில் இறந்துவிட்டார். லெப்டினன்ட் வில்லியம் பிராட்லி படகோடு போனார். பெரிய மீன்களைத் தூக்கிக் காட்டி ஆசை காட்டினார்கள். வந்தவர்கள் பெனலாங், கோல்பி. தூக்கிப் படகில் போட்டுக் கட்டினார்கள். கரையில் கூச்சல், ஈட்டிகள். பிராட்லி அதை நீர்வண்ணத்தில் வரைந்து தன் நாட்குறிப்பில் வைத்தார். தனக்கு இடப்பட்ட பணிகளிலேயே மிகவும் வெறுப்பூட்டியது இதுதான் என்றும் எழுதினார்.

படத்தைப் பார்த்தால் அந்த வெறுப்பு எங்கும் இல்லை. நீலக் கடல், அழகான மேட்டு நிலம், பொம்மை அளவு மனிதர்கள். கடற்படை அதிகாரிகளுக்குக் கடற்கரையின் கோட்டை அளவு தப்பாமல் வரையப் பயிற்சி உண்டு. ஆள் கடத்தலையும் அதே பயிற்சியில் வரைந்துவிட்டார். எழுத்தில் குறுகுறுத்த மனசாட்சி தூரிகைக்கு வரவில்லை. இழையின் முதல் வரியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இங்கே எழுத்துதான் நேர்மை, படம் மழுப்பல்.

13 ஜூலை

சட்டம் இரு தரப்புக்கும் ஒன்றே என்று பழங்குடியினருக்குக் காட்ட அரசாங்கம் செய்த டாஸ்மேனியாவின் சித்திரப் பலகைகளைப் போட்டவருக்கு நன்றி. நீங்கள் கொடுத்திருக்கும் ஆண்டு 1816, கவர்னர் டேவி என்பது பழைய தவறு. பல நகல்களில் அப்படியே அச்சாகியிருக்கிறது. உண்மையில் கவர்னர் ஆர்தர் காலம், 1829–30. யோசனை சர்வேயர் ஜெனரல் ஜார்ஜ் ஃபிராங்க்லாந்துடையது. பலகை நான்கு வரிசை. மேலே, வெள்ளைத் தாயும் கறுப்புத் தாயும் குழந்தைகளை மாற்றி ஏந்தி நிற்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே உடை. அடுத்து, கவர்னர் கை குலுக்குகிறார். மூன்றாவது, கறுப்பர் வெள்ளையரை ஈட்டியால் குத்துகிறார், தூக்கில் தொங்குகிறார். நான்காவது, வெள்ளையர் கறுப்பரைச் சுடுகிறார், அவரும் தொங்குகிறார்.

மூன்றாவது வரிசை நடந்தது. 1825, 1826இல் ஹோபார்ட்டில் நான்கு பழங்குடி ஆண்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நான்காவது வரிசை அந்தத் தீவில் ஒருமுறைகூட நடக்கவில்லை. மரப்பலகையில் நீதி சரிசமம், மரக்கிளையில் இல்லை. 1830 அக்டோபரில் அதே ஆர்தர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வரிசையாக நிறுத்திப் பழங்குடியினரைப் பிடிக்கக் காட்டைச் சல்லடை போட்டார்.

என்னை உலுக்கியது பலகையைவிட, அந்த யோசனை பிறந்த விதம். 1829 பிப்ரவரியில் ஃபிராங்க்லாந்து ஆர்தருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: வெள்ளையர் குழு ஒன்று, அதுவரை போகாத வழியாகப் போனது. சில நாட்களில் அந்த வழியில் ஒரு மரப்பட்டை கிடைத்தது. அதில் கரியால் அந்தக் குழு வரையப்பட்டிருந்தது. வண்டிகள், மாடுகள், ஆட்கள், எண்ணிக்கை பிசகாமல்.

அதாவது, இவர்கள் அவர்களை வரைந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களும் மரத்துக்குப் பின்னால் நின்று இவர்களை வரைந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கரிப்படம் இன்று இல்லை. அதைப் பார்த்துத் தோன்றிய அரசாங்கப் பலகைகள் நூறுபோல் செய்யப்பட்டன. மிஞ்சிய சில அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

13 ஜூலை, சற்று நேரம் கழித்து

“மரப்பட்டை மக்கிப்போனதற்கு யாரைக் குறை சொல்வது?” என்று ஒருவர் கேட்கிறார். யாரையும் சொல்லவில்லை. ஆனால் பறித்த செடியைத் தாளுக்கு நடுவே அழுத்திப் பாதுகாக்கத் தெரிந்தவர்கள்தானே அவர்கள்.

17 ஜூலை, மதியம்

நேற்றிரவு இழையை மேலிருந்து படித்தேன். சேம்பர்ஸ் படத்தை நான் ஒரேயடியாகத் தள்ளியது இப்போது அவ்வளவு சரியாகப் படவில்லை. காரணம் இன்னொரு படம்: இ. ஃபிலிப்ஸ் ஃபாக்ஸ் 1902இல் வரைந்த குக்கின் கரையிறக்கம், மெல்பர்னில் தொங்குகிறது. தலைமுறை தலைமுறையாகப் பாடநூல்களில் வந்த படம். நடுவே குக், பின்னால் கொடி, சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள். குக் கையை நீட்டி, “சுடாதே” என்று தன் ஆட்களைத் தடுக்கிறார். எதிர்த்து நின்ற இருவர் எங்கே? தூரத்தில், மண் மேட்டில், இரண்டு தீக்குச்சிகள். மூன்று முறை சுட்டதாகத் தானே எழுதிய மனிதரை, 132 வருடம் கழித்து, சுடுவதைத் தடுப்பவராக்கிவிட்டார்கள்.

இதன் பக்கத்தில் வைத்தால் சேம்பர்ஸின் ரோம வீரர்கள் வேறாகத் தெரிகிறார்கள். நிற்கும் விதம் இரவல்தான். ஆனால் படத்தில் அவர்கள் இருவர் மட்டுமே இருக்கிறார்கள், படகு நிறையத் துப்பாக்கிகளை நோக்கி முன்னேறுகிறார்கள். செதுக்கியவர் கையில் கொஞ்சம் மரியாதை மிச்சமிருந்திருக்கிறது. நாடு கைமாறிய பிறகு வரைந்தவருக்கு அது தேவைப்படவில்லை.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, குக் இறங்கிய கர்னெலுக்குப் போய் அந்தக் கரையில் நின்றிருக்கிறேன். 1870இல் நட்ட கல்தூண் இருக்கிறது. எதிர்க்கரையில் விமான ஓடுதளம், கன்டெய்னர் தூக்கும் கிரேன்கள். ஃபாக்ஸ் தன் தீக்குச்சிகளை நிறுத்திய தூரத்துக்கு அங்கே இடமே இல்லை. கடற்கரை ஒடுக்கமானது. வாய்விட்டுப் பேசினால் கேட்கும் தூரத்தில்தான் இரு தரப்பும் நின்றிருக்க வேண்டும்.

18 ஜூலை

மத்தின்னாவைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. டாஸ்மேனியச் சிறுமி. கவர்னர் ஜான் ஃபிராங்க்ளின் வீட்டில் வளர்க்கவென்று கொண்டுவரப்பட்டவள். 1842இல் தாமஸ் பாக் அவளைச் சிவப்பு உடையில் நீர்வண்ணத்தில் வரைந்தார். பாக் முன்னாள் கைதி, நல்ல கை. முகத்தை முகமாக வரையத் தெரிந்தவர். பின்னர் அந்தப் படத்துக்கு நீள்வட்டச் சட்டம் மாட்டினார்கள். சட்டம் கணுக்காலுக்கு மேலேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே பாக் வரைந்திருந்தவை செருப்பில்லாத வெறுங்கால்கள்.

மறுவருடம் ஃபிராங்க்ளின் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அவளை ஹோபார்ட் அநாதை விடுதியில் விட்டுவிட்டுப் போனது.

எங்கள் ஊரில் சட்டம் போடும் கடைக்காரர் ஒருவர், “சார், கால் பக்கம் கொஞ்சம் வெட்டினால் கண்ணாடி செலவு மிச்சம்” என்பார். அவரோடு சண்டை போட்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. அவருக்குக் காசுதான் காரணம்.

21 ஜூலை, இரவு 10.15

இழையைத் தொடங்கியவரின் கடைசிக் கணை: “அப்படியானால் பழங்குடியினரே வரைந்தால் மட்டும்தான் உண்மையா? வில்லியம் பராக் வரைந்தவற்றை நேரடி சாட்சி என்பீர்களா?”

என்னமாட்டேன். பராக், மெல்பர்ன் பக்கத்து உருன்ஜெரி பழங்குடி மக்களின் தலைவர். ஜான் பேட்மன் என்ற வெள்ளைக் குடியேறி 1835இல் நிலத்துக்கு “ஒப்பந்தம்” போட்டபோது சிறுவனாக அங்கே இருந்ததாகச் சொன்னவர். அவர் படங்கள் பெரும்பாலும் 1880, 90களில், முதுமையில், பழங்குடியினருக்கென அரசு வைத்திருந்த கோரண்டர்க் குடியிருப்பில் வரைந்தவை. அங்கே சடங்குகளுக்கு அனுமதி இல்லை. சிறு வயதில் கண்ட ஆட்டங்களை நினைவிலிருந்து காவிமண்ணிலும் கரியிலும் போட்டார். பார்க்க வந்தவர்களுக்கு விற்றார், கொடுத்தார். நினைவு நழுவும், வாங்க வருபவருக்கு எது பிடிக்கும் என்று கைக்குத் தெரியும். இதையெல்லாம் அவர் படத்துக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. அவர் படத்தில் வரிசையாக நிற்பவர்களின் பாசம் தோல் போர்வைகளைப் பாருங்கள். பாசம் என்பது அங்குள்ள மரமேறி விலங்கு, ஒரு போர்வைக்குப் பல தோல்களை ஒட்டுத்தைக்க வேண்டும். முகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. போர்வைகளில் கோடும் கட்டமும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. சேம்பர்ஸ் எதிர்முனை: உடம்பைச் செதுக்கித் தள்ளிவிட்டு, அதன் மேலிருந்த வெள்ளைக் கோடுகளை அலங்காரமாகப் போட்டார். எந்தக் கோடு யாருக்கு உரியது என்ற கேள்வி அவருக்கு எழவே முடியாது. பராக்குக்கு அந்தக் கேள்விதான் படம்.

போர்வை உடுத்திய பெண்களை அவர் 1897இல் வரைந்த ஓவியம் ஒன்று 2022 மே மாதம் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. உருன்ஜெரி மக்களின் அமைப்பே, பொதுமக்களும் விக்டோரியா மாநில அரசும் கொடுத்த பணத்தில், ஏலம் கேட்டு எடுத்தது. தங்கள் பெரியவர் வரைந்ததை விலை கொடுத்து வாங்கினார்கள். நீங்கள் இணைத்த சேம்பர்ஸ் படத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கலாம்.